மருமகள் ராசியா, மரபணுவா? சொந்தத்தில் சம்பந்தம் பேசும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் நிற்க இடம் இருக்காது. சாத்தூருக்குப் பக்கத்தில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கிறது இந்த மாரியம்மன் கோவில். விருதுநகர், தூத்துக்குடி, மதுரை மாவட்டங்களிலிருந்து நடந்தே வருகிறவர்கள் ஏராளம். அம்மை, தீராத வயிற்று வலி, குழந்தை இல்லாத குறை என வேண்டுதல்கள் பல. ஆனால் இந்த அம்மனிடம் கண்ணுக்காகவே வருகிறவர்கள் ஒரு தனிக் கூட்டம். கண்மலர் வாங்கிக் காணிக்கை செலுத்திவிட்டுப் போவார்கள்.

கண் பிரச்சினை என்றால் பெரும்பாலும் புரை, நீர்வடிதல், கண்வலி. இவற்றுக்கெல்லாம் ஒரு டாக்டர், ஒரு மருந்து, ஒரு ஆபரேஷன் இருக்கிறது. இன்னொரு வகை இருக்கிறது. குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஏழெட்டு வயதிலோ, பதின்ம வயதிலோ, சாயங்காலம் ஆனால் தடுமாற ஆரம்பிக்கும். இருட்டில் கட்டிலில் இடித்துக்கொள்ளும். வைட்டமின் குறை, மாலைக்கண் என்று சொட்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், சரியாகாது. வருஷம் போகப் போகப் பக்கவாட்டில் வருவது தெரியாமல் போகும், ஏதோ குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. இதற்குப் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. டாக்டர்கள் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கிற குச்சி செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற பரம்பரை நோய் இது.

இந்த நோயை டாக்டர் உறுதி செய்த பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். "எங்க பக்கம் இப்படி யாருக்கும் கிடையாதே" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் ஆரம்பிப்பார். "இவ வந்த நேரம்" என்று இன்னொருவர் முடிப்பார். கட்டிக்கொண்டு வந்தது சொந்த அக்கா மகளாகவே இருந்தாலும் இந்தப் பேச்சு மாறாது. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் தாத்தா பாட்டி வழி ஒன்றேதான்.

இந்தப் பேச்சு அறிவியல்படி முழுத் தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எல்லோரும் படித்து, மார்க் வாங்கி, மறந்துபோன ஒரு பாடம் போதும்.

ஆறு கலக்கும், மரபணு கலக்காது

இருகங்கைகுடி என்பதுதான் மருவி இருக்கன்குடி ஆனது என்று ஊரில் பெயர்க் காரணம் சொல்வார்கள். இரண்டு ஆறு சேரும் குடி. சேர்ந்த பிறகு எது அர்ச்சுனா நதித் தண்ணீர், எது வைப்பாற்றுத் தண்ணீர் என்று யாராலும் பிரிக்க முடியாது.

அப்பா குணமும் அம்மா குணமும் பிள்ளையிடம் இப்படித்தான் கலக்கின்றன என்றுதான் 19-ம் நூற்றாண்டு வரை பெரிய பெரிய விஞ்ஞானிகளே நினைத்தார்கள். கறுப்பும் வெளுப்பும் கலந்தால் மாநிறம், உயரமும் குட்டையும் கலந்தால் நடுத்தரம். இன்றும் சராசரி வீட்டில் இதே நம்பிக்கைதான் ஓடுகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் கலந்துவிடுவது உண்மையென்றால், தாத்தாவுக்கு இருந்து அப்பாவுக்கு இல்லாமல் போன ஒன்று பேரனுக்கு எப்படி முழுசாகத் திரும்பி வரும்?

இதற்கு விடை சொன்னவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டில் இருக்கும் புருனோ நகரத்து மடத்துத் துறவி. பட்டாணிச் செடிகளை எட்டு வருஷம் வளர்த்து, எண்ணி, எழுதி, 1866-ல் வெளியிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலப்பினம் செய்தபோது முதல் தலைமுறையில் எல்லா விதையும் உருண்டை. சுருக்கம் காணாமல்போனது. அந்த உருண்டை விதைகளை முளைக்கவைத்து, தங்களுக்குள்ளேயே மகரந்தம் சேரவிட்டபோது 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல்போன சுருக்கம் கொஞ்சமும் கலங்காமல், தேயாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

அதாவது, ஒவ்வொரு பண்புக்கும் உயிரிகளிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. இரண்டும் ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் கலக்காது. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டில் ஏதோ ஒன்று மட்டும் போகும். எது போகும் என்பது தாயக்கட்டை உருட்டுகிற மாதிரிதான். ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு. இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் தெரிவது ஒடுங்கு பண்பு. பட்டாணியில் சுருக்கம் ஒடுங்கு பண்பு.

ஆர்.பி. நோயில் பெரும்பங்கு இந்த ஒடுங்கு வகைதான். குச்சி செல்லுக்குத் தேவையான ஒரு புரதத்தை உண்டாக்கும் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. இரண்டு பிரதியில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். அந்த ஆள் ராத்திரியில் பைக் ஓட்டுவார், நூறு வயது வரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். அவருக்கே தெரியாது. இப்படிப்பட்டவரை கேரியர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழுது இப்படியே சத்தமில்லாமல் கைமாறும். கேரியர் ஒருவர் இன்னொரு கேரியரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போதுதான், இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர வாய்ப்பு வருகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நான்கில் ஒன்று.

கவனிக்க வேண்டிய இடம் இது. ஒடுங்கு வகை நோய் வந்த குழந்தையிடம் இரண்டு பழுதுப் பிரதி இருக்கிறது என்றால், ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒரு பக்கம் மட்டும் கொடுத்திருந்தால் நோயே வந்திருக்காது. "எங்க பக்கம் கிடையாதே" என்று சொல்கிற மாப்பிள்ளை வீட்டாரின் பக்கம் இருந்தும் சரி பாதி வந்திருக்கிறது. அந்தக் குழந்தையே அதற்குச் சாட்சி. மருமகள் ராசிக்கு இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வேலை இல்லை.

எல்லாப் பரம்பரை நோயும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாத ஹீமோபிலியா மாதிரி சில நோய்கள் எக்ஸ் குரோமோசோம் வழியாக, அம்மாவிடமிருந்து மகனுக்குப் போகும். ஆர்.பி.-யிலும் அப்படி ஒரு வகை உண்டு. அங்கேகூட அம்மா அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை, அவருக்கும் அது யாரிடமிருந்தோ வந்ததுதான். குற்றம் சொல்ல ஆள் தேடுகிற வேலைக்கு மரபியல் எந்த வகையிலும் உதவாது.

இன்னொரு தவறான கணக்கும் வீடுகளில் ஓடுகிறது. "நாலுல ஒண்ணுதானே, முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது." தாயக்கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. முதல் குழந்தைக்கு வந்திருந்தாலும் வராவிட்டாலும், அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான். இந்த ஒரு வாக்கியத்தை டாக்டர் அறையில் யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பல குடும்பங்களின் முடிவுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பங்காளி, மாமன் மச்சான்: மரபணுவுக்குத் தெரியாது

சொந்தக் கல்யாணம் இதில் எங்கே வருகிறது?

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கு கல்யாணத்தில் ஒன்றுக்கும் மேல் ரத்த சொந்தத்துக்குள் நடக்கிறது. நாடு முழுக்க எடுத்தால் பத்தில் ஒன்று சொச்சம்தான். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தெற்கத்தி மாவட்டங்களில் இது வெறும் வழக்கம் மட்டுமில்லை, உரிமை. தாய்மாமன் சம்மதமில்லாமல் காதுகுத்துகூட நடக்காத ஊர்கள் இவை. 1955-ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் தாய்மாமன் – மருமகள் உறவைத் தடை செய்யப்பட்ட உறவுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று அதே சட்டம் வழியும் விட்டிருக்கிறது.

கணக்குக்கு வருவோம். அண்ணன் தங்கையின் பிள்ளைகளான அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. பொதுவாக இருக்கும் பங்கு கூடக் கூட, தாத்தா பாட்டி ஒருவரிடம் இருந்த ஒரே பழுது இரண்டு வழியாகவும் இறங்கி வந்து மறுபடி சந்திக்கிற வாய்ப்பும் கூடுகிறது. வெளியாட்கள் இரண்டு பேரிடம் பழுதே இருக்காது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மனிதரிடமும் சில இருக்கும். ஆனால் இரண்டு பேரிடமும் அதே மரபணுவில் பழுது இருப்பது அபூர்வம்.

இதில் சுவாரஸ்யமான ஒன்று. சித்தப்பா மகள் தங்கை முறை, கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. மாமன் மகள் கட்டுகிற முறை. ஆனால் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒரு பையனுக்கு மரபணுக் கணக்கில் ஒரே தூரம்தான், அதே எட்டில் ஒரு பங்கு. முறை என்பது சொத்து, குலசாமி, பங்காளி வரிசை ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மனிதர்கள் போட்ட கோடு. அந்தக் கோட்டை டி.என்.ஏ. பார்ப்பதில்லை. "முறைப்பொண்ணுதானே, தப்பில்லையே" என்பது சமூகத்துக்குச் சொல்லும் பதிலாக இருக்கலாம், நோய்க்குச் சொல்லும் பதிலாக இருக்க முடியாது.

மனிதர்களில் ஒடுங்கு நோய் என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க உதவியதே சொந்தக் கல்யாணங்கள்தான். லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீர் கறுப்பாகும் அல்காப்டனூரியா என்ற அரிய நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலர் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளாக இருப்பதைக் கவனித்து 1902-ல் எழுதினார். பட்டாணிச் சுருக்கத்தின் அதே கணக்கு இங்கேயும் பொருந்துவதாக வில்லியம் பேட்சன் எடுத்துச் சொன்னார். சார்லஸ் டார்வினும் தன் மாமன் மகள் எம்மாவைத்தான் 1839-ல் கல்யாணம் செய்தார். பத்துக் குழந்தைகளில் மூன்று சின்ன வயதிலேயே போய்விட்டன. அதற்குச் சொந்தக் கல்யாணம்தான் காரணமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கவலை அவரை விடவே இல்லை.

"எங்க தாத்தா பாட்டி எல்லாம் சொந்தம்தான்"

இந்த இடத்தில் வருகிற எதிர்க்கேள்வி நியாயமானது. "எங்க வீட்ல மூணு தலைமுறையா சொந்தத்துலதான் கட்றோம், எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

உண்மைதான். பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள். எந்தச் சொந்தமும் இல்லாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம். அத்தை மகன் – மாமன் மகள் கல்யாணத்தில் அது கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகும். இரு மடங்கு என்றால் பயமாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் நூற்றில் 94 குழந்தைகளுக்கு மேல் எந்தப் பிரச்சினையும் இல்லை. தாய்மாமன் கல்யாணத்தில் கணக்கு இன்னும் கொஞ்சம் மோசம். வாட்ஸ்அப்பில் சுற்றும் "சொந்தத்தில் கட்டினால் ஊனம் நிச்சயம்" ரகச் செய்திகள் பொய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1970-களில் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் சராசரி. ஒரு நோய் ஏற்கெனவே தலைகாட்டிவிட்ட குடும்பத்துக்குச் சராசரி பொருந்தாது. சிக்கலே அங்கேதான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். மூன்று பிள்ளைகள். மூத்த அண்ணனுக்கு ஆர்.பி., முப்பது வயதுக்குள் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நடுவில் அக்கா, கடைசியில் தம்பி, இருவருக்கும் கண் நன்றாக இருக்கிறது. அக்காவைச் சொந்தமில்லாத இடத்தில் கட்டிக்கொடுத்து, அவருக்கு ஒரு மகள். "வெளிய ஏன் தேடணும்" என்று அந்த மகளையே தம்பிக்குக் கேட்கிறார்கள்.

மூத்தவருக்கு ஒடுங்கு வகை நோய் வந்திருப்பதால் அவருடைய அப்பா, அம்மா இருவருமே கேரியர் என்பது உறுதி. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நான்கு சாத்தியங்கள்: ஒன்றில் நோய், இரண்டில் கேரியர், ஒன்றில் பழுதே இல்லை. தம்பிக்கு நோய் இல்லை என்று தெரியும். அப்படியானால் மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு வாய்ப்பு அவர் கேரியர். அக்காவுக்கும் அதே மூன்றில் இரண்டு. அக்கா மகளுக்கு அதில் பாதி, மூன்றில் ஒன்று. இருவரும் கேரியராக இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 18-ல் ஒன்று.

அதே தம்பி வெளியில் பெண் எடுத்தால்? வெளியில் நூறு பேரில் ஒருவர் அந்தப் பழுதின் கேரியர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 600-ல் ஒன்று. பதினெட்டுக்கும் அறுநூறுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி அந்தச் சம்பந்தப் பேச்சில் யாருமே பேசியிருக்க மாட்டார்கள். நகை எத்தனை பவுன், மண்டபம் சிவகாசியிலா சாத்தூரிலா என்று பேசியிருப்பார்கள். அந்த அண்ணன் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.

"வெளியில்" என்றால் எவ்வளவு வெளியில் என்பதும் ஒரு கேள்வி. ஹைதராபாத் சி.சி.எம்.பி., ஹார்வர்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தெற்காசியாவில் சாதிக்குள்ளேயே நடக்கும் கல்யாணங்களால் பல சமூகங்கள் மரபணு அளவில் மிகச் சிறிய கூட்டத்தின் வாரிசுகள் போல ஆகியிருப்பதைக் காட்டியது. அப்படி 81 குழுக்களை அது அடையாளம் கண்டது. அவற்றில் 14 குழுக்களுக்கு மக்கள் தொகை பத்து லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் பெரிய சாதி, மரபணுவில் சின்ன கிராமம். "சொந்தமே இல்ல, நம்ம ஆளுங்கதான்" என்று தேடிக் கட்டினாலும் பழுதுகள் சந்திக்கும் வாய்ப்பு முழுசாக அகலாது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. இது ஆயிரத்து ஒன்றாவது.

தடை போடச் சொல்வது சுலபம்

ஆகவே சொந்தக் கல்யாணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்துவிடலாமா? மேடையில் கைதட்டல் கிடைக்கும். கரிசல் காட்டில் பலிக்காது. இங்கே ஒரு பெண் வீட்டாருக்குச் சொந்தத்தில் கொடுப்பது என்பது வரதட்சணைக் கெடுபிடி குறைவு, மாமியார் சொந்த அத்தை, அடித்தால் கேட்க ஆள் உண்டு என்கிற பாதுகாப்பு. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வாரக் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. அந்தப் பாதுகாப்புக்கு மாற்று எதையும் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், கல்யாணம் நடக்கும், நோய் மட்டும் மறைக்கப்படும்.

மறைப்பது இப்போதே நடக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாது என்றால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில் "சுகர்ல போச்சு", "சின்ன வயசுல அம்மை போட்டது" என்று ஏதாவது சொல்லிவிடுகிறார்கள். ஊனச் சான்றிதழ்கூட வாங்காமல் இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். சான்றிதழ் இல்லாமல் அதுவும் போய்விடுகிறது. பார்வை இல்லாத வாழ்க்கை வாழத் தகாத வாழ்க்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மறைத்து வைக்கப்படுகிற வாழ்க்கைதான் கொடுமை.

மறைக்காமலும், யாரையும் அவமானப்படுத்தாமலும் வழி கண்டுபிடித்த ஒரு சமூகம் இருக்கிறது. நியூயார்க்கில் வாழும் பழமைவாத யூதர்கள். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம், "நோய் உள்ள வீடு" என்ற முத்திரைக்குப் பயம், எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான். டே–சாக்ஸ் என்ற ஒடுங்கு நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ராபி ஜோசப் எக்ஸ்டைன் 1983-ல் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். வயதுவந்த பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும். யார் கேரியர் என்ற முடிவு கையில் வராது, ஒரு எண் மட்டும் கிடைக்கும். வரன் பேசும்போது இரண்டு எண்ணையும் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். ஒரே நோய்க்கு இருவரும் கேரியர் என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். ஊருக்கு எதுவும் தெரியாது.

பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய ஊருக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிஷம் போதும். சைப்ரஸ் தீவில் தலசீமியாவுக்கு இதே மாதிரி, கல்யாணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கட்டாயமானது. சர்ச்சும் கூடவே நின்றது. அங்கே தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இன்று ஏறக்குறைய பூஜ்யம்.

விருதுநகருக்கு என்ன தேவை? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. பள்ளி, அங்கன்வாடி குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடிக்க 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டம் நடக்கிறது. குழந்தைக்குக் குறை இருப்பதைக் கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வரை வண்டி ஓடுகிறது. "உங்க தம்பிக்குப் பெண் பார்க்கிறீங்களா? அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்வதற்கும் ஒரு நாற்காலி அங்கே இருக்க வேண்டும். மரபியல் ஆலோசகர் என்ற வேலையைச் சென்னை, பெங்களூரு தனியார் ஆஸ்பத்திரிகளின் ஆடம்பரம் மாதிரி பார்ப்பதை விட்டுவிட்டு, நான்கில் ஒரு கல்யாணம் சொந்தத்தில் நடக்கிற மாநிலத்தில் மாவட்டத்துக்கு ஒருவரையாவது போட வேண்டும். இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளிக்குக் கண் பரிசோதனைப் பந்தல் ஒன்று போட்டு, மங்கலாகத் தெரிகிறது என்று வருகிறவரிடம் "அப்பா அம்மா சொந்தமா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், ஆர்.பி. குடும்பங்கள் தாமாகவே அங்கே வந்து நிற்கும். கண்ணுக்காகத்தானே வருகிறார்கள். அம்மன் ஆட்சேபம் சொல்லப் போவதில்லை.

யார் முதலில் போக வேண்டும்?

பரிசோதனை என்றதும் கல்யாணம் பேசிய பையனையும் பெண்ணையும் நேராக லேபுக்கு அனுப்புவது பலர் செய்யும் தவறு. ஆர்.பி.-க்குக் காரணமான மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். எந்த மரபணுவில், எந்த இடத்தில் பழுது என்று தெரியாமல் நல்ல கண் உள்ளவரிடம் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. செலவும் அதிகம், பதிலும் தெளிவாக இருக்காது.

முதலில் போக வேண்டியவர் நோய் உள்ள அந்த மூத்த அண்ணன். அவருடைய ரத்தத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால், தம்பியிடமும் அக்கா மகளிடமும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். வேலை சுலபம், செலவு குறைவு. இருவரில் ஒருவரிடம் பழுது இல்லை என்று வந்தால், அந்த நோயைப் பொறுத்தவரை 18-ல் ஒன்று என்ற பயத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. கல்யாணத்தைத் தாராளமாக நடத்தலாம். சொந்தக் கல்யாணத்தை எதிர்ப்பவர்கள் சொல்லாமல் விடுகிற பாதி இது.

அண்ணனுக்கும் இதில் லாபம் உண்டு. ஆர்.பி.-க்கு மருந்தே இல்லை என்பது முன்பு போல முழு உண்மை இல்லை. ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு, நல்ல பிரதியைக் கண்ணுக்குள் செலுத்தும் லக்ஸ்டர்னா சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். மற்ற மரபணுக்களுக்கான சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. விலை குறையலாம், குறையாமலும் போகலாம். ஆனால் தன் பழுது எந்த மரபணுவில் என்று தெரியாதவருக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கான சோதனையில் இடம் கிடைக்காது.

சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் மதுரை இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இருக்கிறது. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் கண் நோய்களின் மரபணுக்களைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலியிலும் அரவிந்த் இருக்கிறது. போகும்போது கையில் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மூன்று தலைமுறையை அதில் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரண்டு கோடு. சின்ன வயதிலேயே இறந்துபோன குழந்தைகளையும் விடாமல் போட வேண்டும். இந்த விவரமெல்லாம் யாருக்குத் தெரியும்? வீட்டில் இருக்கும் பாட்டிக்குத்தான். அவரிடம் உட்கார்ந்து கேட்க ஒரு சாயங்காலம் போதும்.